பழைய எம்5 வாங்குமுன் பார்க்க வேண்டிய பேரிங்

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செகண்ட் ஹேண்ட் சந்தையை மேய்பவர்கள் கண்ணில் 2005 முதல் 2010 வரை தயாரான பிஎம்டபிள்யூ எம்5 அவ்வப்போது படும். ஈ60 என்ற குறியீடு கொண்ட தலைமுறை. பார்க்க அடக்கமான நான்கு கதவு செடான்; பானெட்டுக்கு அடியில் 5 லிட்டர், பத்து சிலிண்டர், 507 குதிரைத்திறன். பெரும் வசதி படைத்தவர்கள் வாங்கிய அந்தக் கார் இன்று சாதாரணமான ஒரு புதுக் காரின் விலைக்கே கைக்கு வருகிறது. உதிரி பாகங்களின் விலைதான் காரோடு சேர்ந்து இறங்கவில்லை. வாங்கியவரின் தூக்கத்தைக் கெடுக்கும் முதல் பாகமோ உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்: கனெக்டிங் ராட் பேரிங்.

பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. கிராங்க் ஷாஃப்ட் சுற்றுகிறது. இரண்டையும் இணைப்பது கனெக்டிங் ராட். அதன் பெரிய முனை கிராங்கைக் கவ்விப் பிடிக்கும் இடத்தில் பிறை வடிவில் இரண்டு மெல்லிய தகடுகள் இருக்கும். பத்து சிலிண்டருக்கு இருபது தகடுகள். உள்ளே உருளும் குண்டுகள் எதுவும் கிடையாது. தகட்டுக்கும் கிராங்குக்கும் நடுவே இருப்பது ஆயில் மட்டுமே. அதுதான் முழுச் சுமையையும் தாங்குகிறது.

ஆயில் எப்படிச் சுமை தாங்கும்? இதற்கான விடை தற்செயலாகக் கிடைத்தது. 1880களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஆயில் ஊற்றுவதற்காக பேரிங்கின் உச்சியில் துளை போட்டால், உள்ளிருந்து ஆயில் மேலே பொங்கி வந்தது. மரக்கட்டையால் துளையை அடைத்தார். கட்டை பிதுங்கி வெளியே வந்தது. அச்சின் சுழற்சியே ஆயிலை இடுக்குக்குள் இழுத்துச் சென்று பெரும் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணிதச் சமன்பாடு தந்தார். மழைநீர் தேங்கிய சாலையில் வேகமாகப் போகும் காரின் டயர், நீரின்மேல் ஏறி மிதப்பதும் இதே இயற்பியல்தான். சாலையில் அது ஆபத்து. பேரிங்குக்கு அதுதான் உயிர். அச்சு சரியான வேகத்தில் சுற்றி, ஆயில் தட்டில்லாமல் வந்துகொண்டிருக்கும்வரை உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை.

எம்5 இன்ஜின் இந்த ஏற்பாட்டை எவ்வளவு தூரம் இழுத்துப் பார்க்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு. அதன் உச்ச வேகம் 8,250 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று), அதாவது நொடிக்கு 137 சுற்றுக்கும் மேல். ஒரு பிஸ்டன் மேலே போய் நின்று, திரும்பி, கீழே பாய்வதை நொடிக்கு அத்தனை முறை செய்தாக வேண்டும். பிஸ்டனின் நகர்ச்சி 75.2 மில்லிமீட்டர். இதை வைத்துக் கணக்குப் போட்டால், மேல் முனையில் அது திரும்பும் கணத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 3,000 மடங்கைத் தாண்டுகிறது. அரைக் கிலோ எடையுள்ள ஒரு பொருளை அந்த முடுக்கத்தில் திருப்ப ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட விசை வேண்டும். அந்த இழுப்பைக் கடைசியில் தாங்குவது சில மைக்ரான் தடிமனுள்ள ஆயில் படலம். நம் தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன்.

இன்னொன்றும் உண்டு. இந்த விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 4,000 ஆர்பிஎம்மில் இருப்பது 8,000இல் இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும். இந்த இன்ஜின் வேகமாகச் சுற்றித்தான் சக்தி தருகிறது. அதன் குரலுக்கு ரசிகர்கள் மயங்குவதும் அந்த உச்சியில்தான். பேரிங் அதிகம் அடிபடுவதும் அங்கேதான்.

இதற்காக நிறுவனம் 10டபிள்யூ-60 என்ற தடித்த ஆயிலைப் பரிந்துரைத்தது. நன்றாகச் சூடேறிய பிறகும் படலம் அறுந்துவிடக் கூடாது என்பது நோக்கம். ஆனால் குளிர்ந்த நிலையில் தடித்த ஆயில் மெதுவாகத்தான் நகரும். பம்பிலிருந்து முதலில் கிராங்கின் முக்கிய பேரிங்குகளுக்குப் போய், கிராங்குக்குள் துளைத்த வழிகளில் நுழைந்து, கடைசியாகத்தான் ராட் பேரிங்கை அடைகிறது. அங்கே கிராங்குக்கும் தகட்டுக்கும் விட்டிருக்கும் இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. இத்தனை தடித்த ஆயிலுக்கு அந்த இடைவெளி போதாது என்பது இந்த இன்ஜின்களைப் பிரித்துப் பார்த்த பல மெக்கானிக்குகளின் கருத்து. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. ஆனால் இந்தச் சர்ச்சை இன்னும் ஓயவில்லை.

குளிர்ந்த இன்ஜினை விரட்டக் கூடாது என்பது வடிவமைத்தவர்களுக்கும் தெரியும். இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டரைப் பார்த்தாலே புரியும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் அதன் விளிம்பில் மஞ்சள் விளக்குகள் வரிசையாக எரிந்து, இதற்குமேல் போகாதே என்று எல்லை காட்டும். ஆயில் சூடேற ஏற விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும். எல்லை மேலே நகரும். முந்தைய உரிமையாளர் அந்த விளக்குகளை மதித்தாரா என்பது எந்த ஆவணத்திலும் இருக்காது.

தேய்மானம் ஓசையின்றி நடக்கும். தகட்டின் மேற்பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இடைவெளி கூடும்; அழுத்தம் குறைந்து படலம் மெலியும். ஒரு நாள் தகடு கிராங்கோடு ஒட்டிச் சுழன்றுவிட்டால் ராட் உடைந்து இன்ஜின் பிளாக்கைக் குத்திக் கிழிக்கலாம். அலுமினியமும் சிலிக்கானும் கலந்து வார்த்த பிளாக் அது. ஓட்டை விழுந்தால் பெரும்பாலும் வேறு இன்ஜின்தான் தேட வேண்டும். தட்டும் சத்தம் காதில் விழும்போது கிராங்க் ஏற்கெனவே கெட்டிருக்கும்.

ஆகவே விவரம் தெரிந்த உரிமையாளர்கள் சத்தத்துக்குக் காத்திருப்பதில்லை. டயரையும் பிரேக் பேடையும் போல இதையும் தேயும் பொருளாகவே கருதி முன்கூட்டியே மாற்றிவிடுகிறார்கள். தகடுகளை விட வேலைக்கூலிதான் அதிகம். இன்ஜினை மேலிருந்து தாங்கிப் பிடித்து, அதற்கு அடியிலுள்ள முன் சப்ஃபிரேம் என்ற சட்டத்தை இறக்கி, ஆயில் தேங்கும் தொட்டியான சம்பைக் கழற்றினால்தான் கை நுழையும். ராட் போல்ட்டுகளும் புதிதாக வேண்டும். ஒருமுறை இழுபட்டு இறுகியவற்றை மறுபடி நம்ப முடியாது.

வாங்கப் போகிறவர் அந்த வேலையின் ரசீதைக் கேட்க வேண்டும். கழற்றிய பழைய தகடுகளையோ அவற்றின் படங்களையோ காட்டினால் இன்னும் நல்லது. தொடக்க கால ஈயம் கலந்த தகடுகளில் மேற்பரப்பு ஒரே சீராகச் சாம்பல் நிறமாக இருந்தால் தேய்மானம் குறைவு. நடுவில் செம்பு நிறம் பளிச்சிட்டால் மேற்பூச்சு அங்கே போய்விட்டது. ரசீது இல்லையென்றால், பேரம் பேசும்போதே அந்தச் செலவைக் காரின் விலையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் ஆக்சுவேட்டர், வால்வு நேரத்தை மாற்றும் வானோஸ் அமைப்பின் உயரழுத்த பம்ப், கிளட்ச் மிதி இல்லாமல் கியர் மாற்றும் எஸ்எம்ஜி கியர்பாக்ஸின் ஹைட்ராலிக் பம்ப் ஆகியவையும் செலவு வைக்கும். ஆனால் அவை கெட்டால் வண்டி நிற்கும். பேரிங் கெட்டால் இன்ஜினே போய்விடும்.