பாஸ்புக்கில் பென்ஷன் பூஜ்யம் என்று 10சி போட ஓடாதீர்கள்

மறுபடியும் அதே கேஸ். மூன்று கம்பெனிகளில் மொத்தம் பதினோரு வருடம் வேலை பார்த்தவர். ஒவ்வொரு முறை வேலையை விட்டதும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பிஎஃப் பணத்தை எடுக்கும் படிவம் 19, பென்ஷன் பணத்தை எடுக்கும் படிவம் 10சி இரண்டையும் போட்டுப் பணத்தை எடுத்துவிட்டார். 57 வயதில் வந்து "எனக்கு மாசம் எவ்வளவு பென்ஷன் சார்?" என்கிறார். ஒன்றும் வராது. 10சி-யில் பணத்தை வாங்கிய அன்றே அந்த சர்வீஸ் அழிந்துபோனது. பணத்தைத் திருப்பிக் கட்டி சர்வீஸை மீட்கவும் வழியில்லை.

மத்திய தொழிலாளர் மற்றும் வேலைவாய்ப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் வருங்கால வைப்பு நிதி நிறுவனமான இபிஎஃப்ஓ-வில் உங்கள் பெயருக்கு இரண்டு பைகள் இருக்கின்றன. உங்கள் 12 சதவீதம் முழுவதும் பிஎஃப் பைக்குப் போகிறது. முதலாளி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 பென்ஷனுக்கு, மீதி 3.67 பிஎஃப்-க்கு. பென்ஷனுக்கான சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய் என்பதால், லட்ச ரூபாய் சம்பளம் வாங்கினாலும் மாதம் 1,250-க்கு மேல் அங்கே போகாது.

இப்போது என் பொறுமையைச் சோதிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். வேலை மாறி, பழைய பிஎஃப்-ஐ டிரான்ஸ்பர் செய்கிறார்கள். புதிய பாஸ்புக்கில் பென்ஷன் கட்டத்தில் 0 என்று வருகிறது. உடனே "என் பென்ஷன் காசைக் காணோம்!" என்று பதறுகிறார்கள். ஐயா, காசு எங்கும் போகவில்லை. பென்ஷன் பை சேமிப்புக் கணக்கு அல்ல. அதற்கு வட்டி கிடையாது, ஆளுக்கு ஆள் தனி இருப்பும் கிடையாது. எல்லாருடைய பணமும் ஒரே நிதியில் கிடக்கிறது. உங்களுக்கு உரிமையாகச் சேர்வது வருடங்கள் மட்டுமே. அதனால் டிரான்ஸ்பரில் சர்வீஸ்தான் நகரும், தொகை நகராது. பூஜ்யம் காட்டுவதுதான் சரி. அதைப் பார்த்துவிட்டு "இருப்பதையாவது எடுத்துவிடுவோம்" என்று 10சி போடுவதுதான் தவறு.

கணக்கு போட்டுப் பாருங்கள். 15,000 சம்பளத்தில் 3 வருடம் பென்ஷனுக்குப் போனது 45,000 ரூபாய். 10சி-யில் 3 வருடத்துக்கான காரணி, அதாவது சம்பளத்தைப் பெருக்கும் எண், 2.98. கையில் வருவது 44,700. போட்ட காசே முழுதாக வரவில்லை. 9 வருடம் என்றால் காரணி 9.33, அதாவது 1,39,950 ரூபாய். இதையே எடுக்காமல், மாத பென்ஷனுக்குத் தேவையான பத்து வருடம் ஆக்கியிருந்தால்? கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும்: 15,000 × 10 ÷ 70, மாதம் சுமார் 2,142. 58 வயதிலிருந்து ஆயுள் முழுக்க, அதன் பின் துணைக்குப் பாதி. எடுத்த தொகை ஐந்தரை வருட பென்ஷனில் ஈடாகிவிடும். இன்னொன்று, ஆறு மாதமும் அதற்கு மேலும் ஒரு வருடமாகக் கணக்காகும் என்பதால் ஒன்பதரை வருடமே போதும். ஒன்பது வருடத்தில் எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

செய்ய வேண்டியது இதுதான். புதிய வேலையில் சேரும் நாளில் கொடுக்கும் படிவம் 11-ல் பழைய யுஏஎன் எண்ணை, அதாவது எல்லா வேலைக்கும் பொதுவான உங்கள் பிஎஃப் அடையாள எண்ணை, எழுதுங்கள். "முன்பு பிஎஃப் இல்லை" என்று டிக் அடித்தால் இரண்டாவது யுஏஎன் பிறக்கும். பாதிச் சிக்கலின் வேர் அதுதான். பிறகு மெம்பர் போர்ட்டலில் "சர்வீஸ் ஹிஸ்டரி"யைத் திறந்து ஒவ்வொரு கம்பெனிக்கும் சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். விலகிய தேதி இல்லையா? வேலையை விட்டு இரண்டு மாதம் கழிந்தால் "மார்க் எக்ஸிட்"டில் நீங்களே பதியலாம். கம்பெனிக்காரர் காலில் விழ வேண்டாம். அடுத்து "ஒன் மெம்பர் ஒன் இபிஎஃப் அக்கவுன்ட்"டில் டிரான்ஸ்பர் கோரிக்கை. பெயர், பிறந்த தேதி ஆதாரோடு ஒத்துப்போகாவிட்டால் முதலில் அதைத் திருத்துங்கள். ஓய்வு பெறும் மாதத்தில் திருத்த ஓடினால் யாராலும் உதவ முடியாது.

ஒரு விதிவிலக்கு: 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதல்முறையாக பிஎஃப்-இல் சேர்ந்து, சேரும்போதே பிஎஃப் சம்பளம் 15,000-க்கு மேல் இருந்தவர்களுக்கு இந்த பென்ஷனே கிடையாது. அவர்கள் கணக்கில் மாதம் 1,250 போய்க்கொண்டிருந்தால் அது கம்பெனியின் பிழை. இப்போதே சொல்லித் திருத்துங்கள்.

நடுவில் வேலையில்லாமல் இருப்பவர்கள் 10சி படிவத்திலேயே உள்ள "ஸ்கீம் சர்டிபிகேட்" என்ற தேர்வைக் கேளுங்கள். பணம் வராது, ஆனால் சர்வீஸ் உயிரோடு இருக்கும். அடுத்த வேலையில் அதைக் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். தொழிலாளர் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா தலைமையில் 2025 அக்டோபரில் கூடிய இபிஎஃப்ஓ-வின் மத்திய அறங்காவலர் குழு, பென்ஷன் தொகையை எடுப்பதற்கான காத்திருப்பை இரண்டு மாதத்திலிருந்து 36 மாதமாக நீட்ட முடிவெடுத்தது. பலர் இதைத் திட்டினார்கள். எனக்கென்னவோ, அந்த 36 மாதத்துக்குள் பெரும்பாலானவர்களுக்கு அடுத்த வேலை கிடைத்துவிடும், 10சி போடும் எண்ணமும் போய்விடும் என்றுதான் தோன்றுகிறது.