கையெழுத்துப் போடும் முன் கேம் கம்பெனியையும் பாருங்கள்

இ-ஸ்போர்ட்ஸ், அதாவது வீடியோ கேம் போட்டிகளில் ஆடும் வீரர்களின் ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்வது என் வக்கீல் தொழிலில் ஒரு பகுதி. வருகிற பையன்கள் சம்பளத்தைப் பற்றிக் கேட்பார்கள், பரிசுப் பணத்தில் பங்கு எவ்வளவு என்பார்கள். கேமை உருவாக்கிய நிறுவனம் அடுத்த வருஷமும் போட்டி நடத்துமா என்று கேட்பவர்கள் குறைவு.

கிரிக்கெட்டுக்கு முதலாளி கிடையாது. வாரியம் கைவிட்டாலும் தெருவில் ஆடலாம். ஆன்லைன் கேமில் சர்வர், உரிமம், ஒளிபரப்பு அனுமதி எல்லாம் ஒரே கையில்.

ஹீரோஸ் ஆஃப் தி ஸ்டார்ம் கேமுக்காக, அதை உருவாக்கிய பிளிஸார்ட் நிறுவனம் 2017 முதல் எச்ஜிசி என்ற லீக்கை நடத்தியது. 2018 நவம்பரில் அமெரிக்காவின் அனஹைமில் இறுதிப் போட்டி. தென் கொரியாவின் ஜென்ஜி அணி ஜெயித்தது. டிசம்பர் 13 அன்று ஓர் அறிவிப்பு வந்தது. டெவலப்பர்கள் சிலரை வேறு கேம்களுக்கு மாற்றுகிறோம், 2019இல் லீக் இல்லை, அவ்வளவுதான். வீரர்கள், வர்ணனையாளர்கள் பலருக்கே அதைப் படித்துத்தான் விஷயம் தெரிந்தது. கேம் அன்று சாகவில்லை. புது உள்ளடக்கம் இனி வராது என்று சொன்னது 2022இல்தான். வீரர்களின் பிழைப்பு மட்டும் முதலிலேயே போய்விட்டது.

‘கம்பெனி ஆதரவு இல்லாமலே மெலீ ஓடுகிறதே?’ என்பார்கள், நின்டென்டோ நிறுவனத்தின் பழைய சண்டை கேமைச் சொல்லி. ஓடுகிறது. 2013இல் ஈவோ என்ற சண்டை கேம் போட்டியில் மெலீயை ஒளிபரப்பக் கூடாது என்றது நின்டென்டோ; எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. 2020இல், மெலீயை ஆன்லைனில் ஆட ரசிகர்கள் உருவாக்கிய ஸ்லிப்பி என்ற மென்பொருளைப் பயன்படுத்தியதால் பிக் ஹவுஸ் என்ற ஆன்லைன் மெலீ போட்டியையே நிறுத்த வைத்தது. அதையும் தாண்டி மெலீ நிற்பதற்குக் காரணம், அது 2001இல் வந்த டிஸ்க். வாங்கியவர் வீட்டில் இருக்கிறது. சர்வரை நம்பிய கேமுக்கு அந்த வசதி இல்லை.

சரி, ஒப்பந்தத்துக்கு வருவோம். நான் அடிக்கடி பார்க்கும் ஷரத்து இது: லீக் நின்றால் அணி உடனே விலகலாம், வீரர் மட்டும் காலம் முடியும்வரை வேறு அணியில் சேரக் கூடாது. இதை அப்படியே விடாதீர்கள். லீக்கோ கேமோ நின்றால் வீரருக்கும் விடுதலை, இரண்டு மாதச் சம்பளம் என்று எழுதச் சொல்லுங்கள். 2022 ஜூலையில், பப்ஜி மொபைலின் இந்திய வடிவமான பிஜிஎம்ஐ ஆப் ஸ்டோர்களிலிருந்து காணாமல்போய், 2023 மே மாதம்தான் திரும்பியது. அங்கே நிறுத்தியது அரசாங்க உத்தரவு. அதனால், காரணம் எதுவானாலும் பொருந்தும்படி ஷரத்து இருக்கட்டும்.

‘அதெல்லாம் நடக்காது தம்பி’ என்று மேலாளர் சொன்னால், அடுத்த சீசன் அட்டவணையை நிறுவனம் வெளியிட்டுவிட்டதா என்று கேளுங்கள். கேமுக்குக் கடைசி பேட்ச், அதாவது அப்டேட், எப்போது வந்தது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.