‘திருடப்பட்ட வீரம்’ என்று ஒன்று கிடையாது

அமெரிக்காவில் யூடியூப், இன்ஸ்டாகிராம் புகழ் பெற்ற முன்னாள் படைவீரர் யாராவது வாங்காத பதக்கத்தை வாங்கியதாகச் சொல்லி மாட்டிக்கொண்டால் போதும், மறுநாள் தமிழில் ‘திருடப்பட்ட வீரம்’ வந்து நிற்கிறது. கொஞ்சம் மெருகேற்றி ‘களவாடப்பட்ட வீரம்’ என்பாரும் உண்டு. ‘ஸ்டோலன் வேலர்’ என்ற தொடரைச் சொல்லுக்குச் சொல் மாற்றி வைத்திருக்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் அகராதி ஒத்துக்கொள்ளும். சேர்த்துப் படித்தால் பொருள் தலைகீழ்.

வேர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘வேலர்’ லத்தீனின் ‘வலேரே’ என்ற வினையிலிருந்து வந்தது: வலுவாக இருத்தல், மதிப்புடன் இருத்தல். ‘வேல்யூ’வும் அதே வேர்தான். (நம் வேலுக்கும் வேலருக்கும் இதில் பங்கில்லை, அந்த ஆராய்ச்சியை யாரும் தொடங்க வேண்டாம்.) தொடரைப் பரப்பியது 1998இல் அதே பெயரில் வந்த நூல். எழுதியவர்கள் வியட்நாம் போரில் பணியாற்றிய பி.ஜி. பர்கெட், பத்திரிகையாளர் கிளென்னா விட்லி. பிறகு அதே பெயரில் 2005ஆம் ஆண்டுச் சட்டமும் வந்து, தொடர் நிலைத்துவிட்டது.

இப்போது வழக்குக்கு வருவோம். தமிழில் ‘திருடப்பட்ட நகை’ என்றால் மனம் நகையைப் பறிகொடுத்தவரிடம் போகும். ‘திருடப்பட்ட வீரம்’ என்று படிப்பவருக்கும், உண்மையான வீரர் ஒருவருக்குச் சேர வேண்டிய விருதை யாரோ தட்டிப் பறித்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். இங்கே யாருடைய பதக்கமும் காணாமல் போகவில்லை. இல்லாத ஒன்றை இருப்பதாக ஒருவர் காட்டிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். அதோடு வீரம் ஒருவரின் குணம். அதை யாரும் எடுத்துக்கொண்டு ஓட முடியாது. ஆங்கிலத்தின் ‘வேலர்’ இந்த இடத்தில் குணத்தைவிட அதற்குக் கிடைத்த மரியாதையையே குறிக்கிறது.

இதைவிட ஆபத்தானது ‘போலி ராணுவ வீரர்’. தமிழில் படையில் இருந்த எல்லோரும் வீரர்தான். சமையற்கூடத்தில் இருந்தவரும், கிடங்கில் கணக்கெழுதியவரும் முன்னாள் படைவீரர்தான். அரசுத் துறையின் பெயரே அப்படித்தான் இருக்கிறது. ஆனால் சமூக ஊடகங்களில் மாட்டுகிறவர்களில் பலர் நிஜமாகவே படையில் இருந்தவர்கள். லாரி ஓட்டியவர் சிறப்புப் படையில் இருந்ததாகச் சொல்லியிருப்பார். ஒரு பதக்கம் பெற்றவர் மூன்று என்றிருப்பார். அவரைப் ‘போலி வீரர்’ என்று எழுதினால் அவர் படையிலேயே இருந்ததில்லை என்று பொருளாகும். பொய் சொன்னவரைப் பற்றி நாமும் ஒரு பொய் எழுதிய கணக்கு.

தனித்தமிழ் அன்பர்கள், மறம் என்றால் வீரம் என்ற பழைய பொருளில், ‘மறத்திருட்டு’ என்கிறார்கள். அறத்துக்கு எதிர்ச்சொல்லாக மட்டுமே மறத்தை அறிந்த தலைமுறை இதை என்னவென்று படிக்கும்? ‘படைப்புகழ்த் திருட்டு’ இன்னும் வேடிக்கை. வேகமாகப் படித்தால் ‘படைப்பு’ தனியாகக் கழன்று, கவிதையைக் களவாடிய எழுத்தாளர்தான் கண்முன் வருவார்.

சரியான சொல் வேண்டுமென்றால் தொல்காப்பியத்திலேயே பாதி கிடக்கிறது. புறத்திணையியலில், படையெடுப்பைப் பாடும் வஞ்சித் திணையின் துறைகளுள் ஒன்று ‘மாராயம் பெற்ற நெடுமொழி’. மாராயம் வேந்தன் வீரனுக்குச் செய்யும் சிறப்பு. நெடுமொழி அந்தப் பெருமிதத்தில் பேசும் பேச்சு. ஸ்டோலன் வேலர் என்பது ‘மாராயம் பெறாத நெடுமொழி’. இத்தனை கச்சிதம் ஆங்கிலத்திலும் இல்லை. ஆனால் செய்தித் தலைப்பில் போட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் தாண்டிப் போய்விடுவார்கள் என்பதால், அதை ரசித்துவிட்டு வைத்துவிடலாம். புழக்கத்துக்குப் பொதுச்சொல்லாகப் ‘போலிப் படைப்பெருமை’ போதும். இருந்ததை ஊதிப் பெரிதாக்கினால் ‘பதக்க மிகை’. அதை வைத்துக் காசு பார்த்தால் ‘பதக்க மோசடி’. பேச்சில் கேட்டால், ரீல்ஸில் ரீல் விடுகிறார் என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

மிகையையும் மோசடியையும் பிரித்துச் சொல்லச் சட்டமே காரணம். 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, விருது பெற்றதாகப் பொய் சொன்னாலே குற்றம். கலிஃபோர்னியாவில் ஒரு தண்ணீர் வாரிய உறுப்பினர் தனக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் கிடைத்ததாகக் கூட்டத்தில் பொய் சொன்ன வழக்கில், 2012இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் பேச்சுரிமைக்கு எதிரானது என்று தள்ளிவிட்டது. 2013இல் வந்த புதிய சட்டத்தின்படி, பணமோ சொத்தோ கைக்கு வரும் வேறு ஆதாயமோ பெறும் நோக்கில் ஏமாற்றினால்தான் குற்றம். ஓராண்டு வரை சிறை. அதுவும் எல்லாப் பதக்கத்துக்கும் இல்லை. மெடல் ஆஃப் ஹானர், சில்வர் ஸ்டார், பர்ப்பிள் ஹார்ட், களப்போர் பேட்ஜ்கள் போன்றவை பட்டியலில் உண்டு. பிரான்ஸ் ஸ்டார் (வெண்கல நட்சத்திரம்) இல்லை. சிறப்புப் படையில் இருந்தேன் என்ற வெறும் பேச்சும் இதில் அடங்காது. ஆகவே கண்டபடி ‘சட்டப்படி குற்றம்’ என்று சேர்க்கும் முன் எந்தப் பதக்கம், என்ன ஆதாயம் என்று பார்க்க வேண்டும். இன்னும் பணியில் இருப்பவர் என்றால் கதை வேறு: உரிமையில்லாத பதக்கத்தை அணிந்தால் ராணுவ நீதிச் சட்டத்தின் 106ஏ பிரிவு பாயும்.

பிரான்ஸ் ஸ்டாரில்தான் மொழிபெயர்ப்பாளர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். அதே பதக்கம் போர்க்காலத்தில் நல்ல பணிக்கும் கிடைக்கும், வீரச்செயலுக்கும் கிடைக்கும். வித்தியாசம் ரிப்பனின் மேல் குத்தியிருக்கும் ‘வி’ என்ற ஆங்கில எழுத்து. கால் அங்குல வெண்கலத் துண்டு. அது இருந்தால்தான் வீரச்செயல். அந்த ‘வி’ வேலர்தான், வெற்றி அல்ல. இதைக் கவனிக்காமல் ‘வீரத்துக்கான வெண்கல நட்சத்திரம்’ என்று எழுதுகிறவர், இன்ஃப்ளூயன்சர் செய்த மிகையைத் தானும் செய்கிறார். பர்ப்பிள் ஹார்ட்டும் வீரப் பதக்கம் அல்ல; எதிரியால் காயம் பட்டவருக்கு உரியது. ‘ஊதா இதயம்’ கேட்கச் சகிக்காது. ‘விழுப்புண் பதக்கம்’ அழகுதான். ஆனால் விழுப்புண் முகத்திலும் மார்பிலும் படுவது. முதுகில் பட்டால் நமக்கு அது புறப்புண், நாணி வடக்கிருக்க வேண்டிய விஷயம். அமெரிக்கர்கள் எந்தப் பக்கம் பட்டது என்று கேட்பதில்லை. எனவே பர்ப்பிள் ஹார்ட் என்றே விட்டு, ‘போர்க்காயப் பதக்கம்’ என்று விளக்கினால் போதும்.

சரிபார்ப்பதற்கான சொற்களும் இதேபோல் குழம்புகின்றன. டிடி-214 என்பது படையிலிருந்து விலகும்போது தரப்படும் பணி விடுவிப்புச் சான்று. சிலர் ‘ராணுவ அடையாள அட்டை’ என்று எழுதுகிறார்கள், அது வேறு. டிடி-214இல் 11ஆம் கட்டம் என்ன வேலை பார்த்தார் என்றும், 13ஆம் கட்டம் என்னென்ன பதக்கம் என்றும் காட்டும். இன்ஃப்ளூயன்சர்கள் காட்டும் படத்தில் இந்த இரண்டும் மங்கலாக்கப்பட்டிருந்தால் சந்தேகம் நியாயமே. செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்குத் தகவல் உரிமைக் கோரிக்கை அனுப்பினால் பணிக்காலம், பதவி, பதக்கங்கள் கிடைக்கும். மருத்துவக் குறிப்பு கிடைக்காது. ‘என் கோப்பு தீயில் போய்விட்டது’ என்ற சாக்கு அடிக்கடி வரும். 1973 ஜூலையில் அங்கே தீப்பிடித்து 1.6 கோடி முதல் 1.8 கோடி கோப்புகள் அழிந்தது உண்மை. ஆனால் அவை தரைப்படையில் 1960க்கு முன்பும், விமானப்படையில் 1964க்கு முன்பும் விலகியவர்களுடையவை. ஆப்கானிஸ்தான் போனவரின் கோப்பு அந்தத் தீயில் எரிந்திருக்க வழியில்லை.

ஆவணமே தப்பாக இருப்பதும் உண்டு. அமெரிக்கக் கடற்படையில் குறிபார்த்துச் சுடும் வீரராக இருந்த கிறிஸ் கைல் தன்வரலாற்று நூலில் 2 சில்வர் ஸ்டார், 5 பிரான்ஸ் ஸ்டார் என்று எழுதினார். அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2016இல், கடற்படை கணக்கை 1 சில்வர், ‘வி’யோடு 4 பிரான்ஸ் என்று திருத்தியது. அவருடைய பழைய டிடி-214இலும் எண்ணிக்கை கூடுதலாகத்தான் இருந்தது. அவர் செய்ததை ‘திருடப்பட்ட வீரம்’ என்று எழுதியவர்கள் எதை யார் திருடியதாக நினைத்தார்களோ. ‘பதக்க எண்ணிக்கையில் மிகை, பணி ஆவணத்திலும் பிழை’ என்று எழுதியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும்.