அன்டிடெக்டபிள்: கண்டறிய முடியாததா, அடங்கியதா?

போன வாரம் மறுபடியும் ஒரு எச்.ஐ.வி. போஸ்டர்ல பாத்தேன், "கண்டறிய முடியாத வைரஸ் சுமை"ன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு. இதைப் பாக்கறப்பல்லாம் எனக்கு ஒரு அக்கா முகம்தான் ஞாபகம் வருது. ஏ.ஆர்.டி. சென்டருக்கு, அதாவது எச்.ஐ.வி.க்கு மருந்து குடுக்கற எடத்துக்கு, மாத்திரை வாங்க வர்றவங்களுக்குத் துணையா போறது என் வேலை. அந்த அக்கா வராண்டா பெஞ்சுல உக்காந்துக்கிட்டு, ரேஷன் கார்டு கவருக்குள்ள நாலா மடிச்சு வச்சிருந்த, ரத்தத்துல வைரஸ் எவ்வளவு இருக்குன்னு சொல்ற வைரல் லோடு ரிப்போர்ட்டை எடுத்து நீட்டுனாங்க. "தம்பி, கண்டுபிடிக்க முடியலன்னு சொல்லிட்டாங்கப்பா. எடுத்த ரத்தம் பத்தலையா? மறுபடி ஊசி குத்துவாங்களா?" கண்ணு கலங்கிப் போச்சு அவங்களுக்கு. ஆறு மாசம் ஒரு நாள் விடாம மாத்திரை போட்டதுக்குக் கெடச்ச பலன் அந்த ரிப்போர்ட், சந்தோஷப்பட வேண்டிய இடத்துல அழ வச்சது ஒரு சொல்லு.

"கண்டறிய முடியாத"ன்னு தமிழ்ல போடுற அந்த அன்டிடெக்டபிள்ங்கற இங்கிலீஷ் சொல்லோட மூலம் ரொம்ப எளிமை. லத்தீன்ல டெகெரென்னா மூடுறது, முன்னாடி டே சேந்தா மூடுனதைத் தெறக்கறது, அதுலேருந்து டிடெக்ட், மீதி முன்னொட்டும் பின்னொட்டும். அகராதி வேலை இத்தோட முடிஞ்சுது.

மருத்துவத்துல அதுக்கு என்ன அர்த்தம்னா, ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துல வைரஸ் எத்தனை பிரதி இருக்குன்னு மெஷின் எண்ணும். எந்த மெஷினுக்கும் ஒரு கீழ் எல்லை இருக்கு, சிலதுல 20, சிலதுல 40, 50. எண்ணிக்கை அதுக்கும் கீழ போயிட்டா அன்டிடெக்டபிள். 1000க்குக் கீழ இருந்தும் மெஷின்ல தெரிஞ்சா சப்ரெஸ்டு, அதாவது கட்டுக்குள்ள இருக்கு, 2023ல உலக சுகாதார நிறுவனம் இப்படித்தான் பிரிச்சு சொல்லுச்சு. வைரஸ் ஒழிஞ்சுடல, சில செல்லுக்குள்ள பதுங்கிக் கெடக்கு, மாத்திரையை நிறுத்துனா சில வாரத்துல கிளம்பி வந்துடும். ஆனா அன்டிடெக்டபிள் நிலையில இருக்கறவங்க கிட்டேருந்து உடலுறவு மூலமா இன்னொருத்தருக்குத் தொத்தாது. 2019ல வெளிவந்த பார்ட்னர் ஆய்வுல 782 ஆண் ஜோடிங்க, ஒருத்தருக்கு எச்.ஐ.வி. இருக்கு, மாத்திரையால வைரஸ் 200க்குக் கீழ இருக்கு, இன்னொருத்தருக்கு எச்.ஐ.வி. இல்ல, ஆணுறை இல்லாம ஏறக்குறைய 76,000 தடவை உறவு, துணை கிட்டேருந்து தொத்துனது ஒருத்தருக்குக் கூட இல்ல.

இவ்ளோ பெரிய நல்ல சேதியைத் தமிழ்ல சொல்றப்ப "கண்டறிய முடியாத"ன்னு ஏன் சொல்லணும்? தமிழ்ல "முடியாத"ன்னு ஒரு சொல்லு வந்தாலே "யாரால முடியல?"ன்னு கேள்வி வந்து நிக்கும். லேப்பாலயா, டாக்டராலயா? இங்கிலீஷ்ல அந்த "ஏபிள்" வைரஸோட தன்மையா போய் ஒட்டிக்கும், நம்ம மொழியில அது ஒருத்தரோட கையாலாகாத்தனமா ஆயிடுது. அதை விட மோசம், நம்ம ஊர்ல "டாக்டருங்களாலயே கண்டுபிடிக்க முடியாத வியாதி"ன்னா அதுக்கு ஒரே அர்த்தம்தான், ஆள் பொழைக்க மாட்டான். அந்தப் பேச்சைக் கேட்டே வளந்தவங்க கிட்ட போய் "உங்க வைரஸைக் கண்டறிய முடியல"ன்னா பயப்படாம என்ன பண்ணுவாங்க?

இன்னொரு பக்கம் தனித்தமிழ் நண்பர்கள், "கண்டறியவியலாத் தீநுண்மிச் சுமை"ங்கறாங்க. எனக்கும் தமிழ் மேல பாசம் உண்டு, தீநுண்மி நல்ல ஆக்கம்தான், பாடப்புத்தகத்துல இருக்கட்டும். ஆனா மாத்திரை வாங்க காலையில நாலு மணிக்கு பஸ் ஏறி வந்த மனுஷன் காதுல அது ஏறாது, "முடியாத"வை "இயலாத"ன்னு மாத்துனதால அந்தத் தப்பும் தீரல. சுமைங்கற சொல்லும் ஆகாது. ஏற்கனவே குடும்பத்துக்கு பாரமாயிட்டோமோன்னு மருகிட்டு இருக்கறவங்க கிட்ட "உங்க சுமை எவ்வளவு"ன்னா கேக்கறது? கிருமி அளவுன்னு சொன்னா எல்லாருக்கும் புரியுது.

சிலர் சுலபமா "வைரஸ் இல்ல"ன்னு சொல்லிடறாங்க, அது இதை விட ஆபத்து. இல்லேன்னா அப்புறம் மாத்திரை எதுக்குன்னு நிறுத்திட்டவங்கள நானே பாத்திருக்கேன்.

நான் சொல்ற சொல்லு "அடங்கிய". காத்து அடங்கிடுச்சு, ஜுரம் அடங்கிடுச்சு, வலி அடங்கிடுச்சுன்னு தினமும் சொல்றோம். அடங்குனது அழிஞ்சு போனது இல்ல, மறுபடி கெளம்பலாம்ங்கறது அந்தச் சொல்லுக்குள்ளயே இருக்கு, யாரும் தனியா விளக்க வேண்டியதில்ல. அடக்குனது மாத்திரைங்கறதும் சேந்தே வருது. நீறு பூத்த நெருப்புன்னு நம்மாளுங்க சொல்றதும் இதே நிலையைத்தான், ஊதாம இருக்கற வரைக்கும் சாம்பல்தான்.

மூச்சு அடங்கறது, நல்லடக்கம்னு சாவுக்கும் இந்தச் சொல்லு வருதேன்னு ஒரு கவுன்சிலர் மேடம் கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஆனா "கிருமி அடங்கிடுச்சு"ன்னு எழுவாயோட சேத்து சொன்னா யாரும் குழம்ப மாட்டாங்க, செத்தா கிருமிதானே சாகட்டும். சப்ரெஸ்டுக்கு என்ன பண்றதுன்னா, 1000க்குக் கீழ "அடங்கியது", மெஷினுக்கே சிக்காதப்ப "முழுசா அடங்கியது". யூ ஈக்குவல்ஸ் யூன்னு, அதாவது அன்டிடெக்டபிள்னா அன்டிரான்ஸ்மிட்டபிள்னு உலகமெல்லாம் சொல்றதை "முழுசா அடங்கினா தொத்தாது"ன்னு மூணே சொல்லுல சொல்லிடலாம்.

மொழிபெயர்க்கறவங்க மேல எனக்கு இருக்கற வருத்தம் இதான், இங்கிலீஷ் வரியைப் பக்கத்துல வச்சு சரிபாக்கறாங்க, அந்த பெஞ்சுல உக்காந்திருக்கறவங்க கிட்ட ஒரு தடவை படிச்சுக் காட்டறதில்ல. இந்தியாவுலயே முதல்முதலா 1986ல எச்.ஐ.வி.யைக் கண்டுபிடிச்சது சென்னையில, அதை ஆய்வு பண்ணுனவங்க டாக்டர் சுனிதி சாலமனும் நிர்மலா செல்லப்பனும். 2004 ஏப்ரல்ல இலவச ஏ.ஆர்.டி. தொடங்குனப்ப தாம்பரம் ஆஸ்பத்திரியும் அதுல இருந்துச்சு. இத்தனை வருஷ அனுபவம் இருக்கற ஊர்ல இன்னும் உயிர்க்கொல்லி நோய், ஆட்கொல்லி நோய்னு எழுதிட்டு இருக்கோம், தினம் ஒரு மாத்திரையில வேலைக்குப் போய், புள்ளை பெத்து வளத்துட்டு இருக்கறவங்களைப் பாத்து.

அந்த அக்கா ரிப்போர்ட்டோட பின்பக்கம் அன்னைக்கு நான் பேனாவுல எழுதிக் குடுத்தது: "கிருமி முழுசா அடங்கியிருக்கு. மாத்திரையை விடாதீங்க." அதைப் படிச்சுட்டு, "அப்ப என் வீட்டுக்காரருக்கு வராதுல்ல தம்பி?"ன்னு கேட்டாங்க.