"யார்கிட்டயும் மூச்சு விடாதே"

எட்டு வயதுப் பெண் குழந்தை. டியூஷனுக்குக் கிளம்பும் நேரம் வந்தால் வயிற்றுவலி. இரண்டு டாக்டர்களிடம் காட்டி, பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று. டியூஷன் இல்லாத நாளில் வலியே வருவதில்லை என்பதைப் பாட்டிதான் கவனித்தார். தலை பின்னிவிடும்போது மெதுவாகக் கேட்டிருக்கிறார். டியூஷனில் தனக்கு நடக்கும் பாலியல் தொல்லையைக் குழந்தை சொல்லிவிட்டது. பாட்டியின் வாயில் முதலில் வந்தது இதுதான்: "யார்கிட்டயும் மூச்சு விடாதே."

பாட்டிக்குப் பேத்தி மேல் உயிர். பயந்துவிட்டார், அவ்வளவுதான். ஆனால் அதன்பிறகு அந்தக் குழந்தை, இப்படிப் பாதிக்கப்பட்ட பிள்ளைகளோடு வேலை செய்யும் என்னிடம் வந்து சேர ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் டியூஷன் நடந்தது. (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"பிள்ளைகளுக்கு நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் சொல்லிக்கொடுங்க மேடம்" என்று பள்ளிகளில் கூப்பிடுகிறார்கள். போகிறேன். ஆனால் பெற்றோருக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால்தான் வருவேன் என்று இப்போதெல்லாம் சொல்லிவிடுகிறேன். வாய் திறந்து சொல்லும் பிள்ளையிடம் "நீ ஏன் அங்கே போனே?" என்று வீட்டில் கேட்டால், அது மறுபடி வாய் திறக்காது.

கூட்டங்களில் அதிகம் கேட்கப்படுவது, "புகார் கொடுத்தா பிள்ளையை ஸ்டேஷன், கோர்ட்டுன்னு அலைய விடுவாங்களே?" என்பது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்க 2012-இல் வந்த போக்சோ சட்டம் இந்தப் பயத்தை மனதில் வைத்தே எழுதப்பட்டது. குழந்தையின் வீட்டுக்கே வந்து, சீருடை இல்லாமல், கூடியவரை பெண் அதிகாரிதான் வாக்குமூலம் வாங்க வேண்டும். பெயரோ படமோ வெளியே வரக் கூடாது. அவசர சிகிச்சைக்குப் போனால், போலீஸ் கடிதம் எங்கே என்று மருத்துவமனை கேட்கக் கூடாது. விஷயம் தெரிந்தும் புகார் செய்யாத பெரியவருக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லையா, குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். இரவானாலும் எடுப்பார்கள்.

"எனக்கு ரெண்டும் பையன்தான்" என்று நிம்மதியாகச் சொல்பவர்களும் உண்டு. மத்திய அரசு 13 மாநிலங்களில் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். தொல்லை கொடுத்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரியவர்கள்.

கூட்டம் முடியும் முன் எல்லோரையும் மூன்று வரி சத்தமாகச் சொல்ல வைப்பேன். "சொன்னது நல்லதாப் போச்சு. நான் உன்னை நம்புறேன். உன் மேல தப்பே இல்லை." சிரிப்பாகத்தான் ஆரம்பிப்பார்கள். போன மாதம் ஒரு பள்ளியில், காக்கிச் சட்டையோடு கடைசி பெஞ்சில் இருந்த ஆட்டோக்கார அப்பா முதல் இரண்டு வரியைச் சொன்னார். மூன்றாவது வரவில்லை. மறுபடி முயன்றார், தலையைக் குனிந்துகொண்டார். எல்லோரும் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"இதை எனக்கு யாருமே சொல்லலை மேடம்" என்றார்.