கடலோர மணலில் நல்ல தண்ணீர் ஊறுவது எப்படி?

தனுஷ்கோடி போய்வந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இரண்டு பக்கமும் கடல். நடுவில் மணலைத் தோண்டினால் குடிக்கிற தண்ணீர் ஊறுகிறதே, மணல் உப்பை வடிகட்டுகிறதா?"

இல்லை. கரைந்த உப்பை மணலால் நிறுத்த முடியாது. அங்கே ஊறுவது ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழை. மணலுக்குள் இறங்கிய மழைநீர், அடியில் நிற்கும் கடல்நீரின் மேல் பாலாடை மாதிரி மிதக்கிறது. மணல் இடுக்குகளில் நீர் மிக மெதுவாக நகர்வதால் இரண்டும் சட்டென்று கலப்பதில்லை.

இதில் என்னைச் சொக்க வைப்பது ஒரு கணக்கு. நல்ல தண்ணீர் லிட்டருக்கு 1,000 கிராம். கடல்நீர் சுமார் 1,025 கிராம். கடல்மட்டத்துக்குக் கீழே 40 அடியில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 40 அடி கடல்நீர் தரும் அழுத்தத்தைச் சமாளிக்க 41 அடி நல்ல தண்ணீர் வேண்டும். 1,025-ஐ 40-ஆல் பெருக்கினாலும் 1,000-ஐ 41-ஆல் பெருக்கினாலும் விடை ஒன்றுதான். அந்த 41-இல் 40 அடி கீழே போய்விடும், ஒரே ஒரு அடிதான் கடல்மட்டத்துக்கு மேலே நிற்கும். அதாவது, மேலே ஓர் அடி நீர் நின்றால் கீழே 40 அடிக்கு நல்ல தண்ணீர்! ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியர் வடகடல் தீவுகளை ஆராய்ந்து 1901-இல் இதை வெளியிட்டார். நிஜத்தில் எல்லைக்கோடு இவ்வளவு கூர்மையாக இருக்காது, இடையில் இரண்டும் கலந்து அரை உப்பாக ஓர் அடுக்கு இருக்கும்.

இதே கணக்கு தலைகீழாகவும் வேலை செய்யும். மோட்டார் போட்டு நீர்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், நாளடைவில் உப்புநீர் 40 அடி மேலேறப் பார்க்கும். ஊற்றில் சிரட்டையால் மொண்டு குடம் நிறைக்கும் பெண்கள் மேல்நீரை மட்டும்தான் எடுக்கிறார்கள். அடியில் இருக்கும் உப்பு அசைவதில்லை. தங்கச்சிமடம் வில்லூண்டி தீர்த்தத்தில் கடலுக்குள் நல்ல தண்ணீர் கிடைப்பதை ராமர் அருள் என்பார்கள். பக்தி இருக்கட்டும். ஆனால் அருள் என்பதால் அது வற்றாது என்று நினைத்துவிடக் கூடாது.

சரி, உப்பேறிய தண்ணீரைக் குடித்தால் என்ன ஆகும்? வங்கதேசக் கடலோரமான தாகோப்பில் கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. மழையில்லாத பருவத்தில் அவர்களுடைய சிறுநீரில் சோடியம் கூடியிருந்தது. கர்ப்பகால ரத்தக் கொதிப்பும் அந்தப் பருவத்தில் அதிகம். பின்னால் வந்த ஓர் ஆய்வோ, உவர்நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் ரத்த அழுத்தத்தைக் குறைக்கலாம் என்றது. ஆக, தண்ணீரில் என்னென்ன கரைந்திருக்கிறது என்பதைப் பொறுத்துப் பலன் மாறும். அந்த ஊர் முடிவை நம் ஊருக்கு அப்படியே பொருத்த முடியாது. மண்டபத்திலும் சாயல்குடியிலும் கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தத்தையும் அவர்கள் குடிக்கும் தண்ணீரையும் சேர்த்துப் பருவம்தோறும் அளக்க வேண்டும். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பல ஆண்டுகள் விடாமல் வரும் சிறு நிதி போதும். நமக்குக் கிடைக்காமல் போவது அந்தத் தொடர்ச்சிதான் என்பது என் ஆதங்கம்.

அப்புறம், மேலிருந்து வரும் ஆபத்து. கழிப்பறை உறிஞ்சுகுழியின் கழிவு, மணலில் வேகமாக இறங்கி இதே நீரில்தான் சேரும். அந்தக் கழிவிலிருந்து உருவாகும் நைட்ரேட்டுக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். அது மீறினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. மலக்கிருமி கலந்திருந்தால் நீரைக் கருப்பாக்கிக் காட்டும் எளிய குப்பிச் சோதனையை இந்திய ஆய்வாளர்கள் 1982-இலேயே வெளியிட்டார்கள். அதைப் பள்ளிப் பிள்ளைகளே செய்யலாம். கரையோரத்தில் நிலத்தடி நீர் கடலை நோக்கித்தான் நகரும். அதனால் புதிதாகக் கழிப்பறைக் குழி தோண்டுகிறவர்கள் ஊற்றுக்குக் கடல் பக்கமாக, எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளித் தோண்டுங்கள்.