சராசரி ஆயுளை நம்பி பேரிங்கை மாற்றாதீர்கள்

"இந்த பேரிங் சராசரியாக 10,000 மணி நேரம் ஓடும், 8,000 ஆனதும் மாற்றிவிடலாம்." பராமரிப்புக் கூட்டங்களில் இந்த யோசனைக்கு எல்லோரும் எளிதில் தலையாட்டிவிடுகிறார்கள். ஆனால் சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு இப்படி முடிவெடுக்கவே கூடாது.

சராசரி ஆயுள் 10,000 மணி நேரம் கொண்ட இரண்டு வகைப் பாகங்களை எடுத்துக்கொள்வோம். முதல் வகையில் நூற்றுக்கு 36, முதல் 1,000 மணி நேரத்துக்குள்ளேயே பழுதாகிவிடுகின்றன. 5,000 மணி நேரத்துக்குள் 63 போய்விடுகின்றன. தப்பியவற்றில் சில ஆண்டுக்கணக்கில் ஓடிச் சராசரியைத் தூக்கிவிடுகின்றன. இரண்டாம் வகையில் 5,000 மணி நேரத்துக்குள் பழுதாவது நூற்றுக்கு நான்குதான். பாகங்களின் ஆயுள் எப்படிச் சிதறியிருக்கிறது என்பதை விவரிக்கும் கணித வாய்பாடுதான் வெய்புல் பரவல். பழுதாகும் வாய்ப்பு வயதோடு கூடுகிறதா குறைகிறதா என்பதை அதன் வடிவ எண் காட்டும். முதலாவதன் வடிவ எண் 0.5, இரண்டாவதன் வடிவ எண் 4.

இந்த வடிவ எண் 1-ஐவிட நன்றாக அதிகமானால் அது தேய்மானம். காலம் பார்த்து மாற்றுவதில் பொருள் உண்டு. 1-க்கு அருகில் இருந்தால் பழையதும் புதியதும் ஒன்றுதான். 1-க்குக் கீழே இருந்தால் அட்டவணைப்படி மாற்றுவதே உற்பத்தியைத் தின்னும். நன்றாக ஓடும் பேரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு, 1,000 மணி நேரத்துக்குள் பழுதாக மூன்றில் ஒன்றுக்கு மேல் வாய்ப்புள்ள புதியதை மாட்டுகிறோம். அங்கே சரிசெய்ய வேண்டியது பொருத்தும் முறையை: சுத்தியலால் அடித்து ஏற்றுவது, தண்டுகள் நேர்கோட்டில் இல்லாதது, கிரீஸில் கலந்த தூசி.

சுவீடன் பொறியாளர் வாலொடி வெய்புல் 1951-இல் இந்தப் பரவலை விளக்கிய கட்டுரையில் காட்டிய எடுத்துக்காட்டுகளில் இந்தியப் பருத்தி இழையின் வலிமையும் ஒன்று. நம் நூற்பாலைகளுக்கு அந்நியமான கணக்கு என்று யாரும் சொல்ல முடியாது! விமானப் பராமரிப்பு குறித்து யுனைடெட் ஏர்லைன்ஸின் நௌலனும் ஹீப்பும் 1978-இல் எழுதிய அறிக்கையில், வயதோடு பழுதும் கூடும் போக்கு 11 சதவீதப் பாகங்களில்தான் தெரிந்தது. 68 சதவீதம் பொருத்திய தொடக்கத்தில்தான் அதிகம் பழுதாயின. உங்கள் ஆலையின் எண்கள் வேறாக இருக்கும். அவற்றை நீங்களே கணக்கிட வேண்டும்.

கணக்கிடும்போது நான் அதிகம் காணும் தவறு, பழுதானவற்றை மட்டும் எண்ணுவது. பத்து இயந்திரங்களில் மூன்று 2,000, 3,000, 4,000 மணி நேரத்தில் பழுதாயின. மீதி ஏழும் 6,000 மணி நேரம் கடந்து ஓடுகின்றன என்று வையுங்கள். மூன்றின் சராசரி 3,000. ஏழின் ஓட்டத்தையும் சேர்த்தால் மொத்தம் 51,000 மணி நேரம், மூன்று பழுது. தற்செயல் பழுது, அதாவது வடிவ எண் 1, என்று கொண்டால் சராசரி ஆயுள் 17,000. முதல் எண்ணை நம்பினால் உதிரிபாகக் கிடங்கு நிரம்பி வழியும்.

அடுத்தது, எல்லாவற்றையும் "பேரிங் பழுது" என்று ஒரே குவியலாகப் போடுவது. கிரீஸ் வற்றிப் போனதும், மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவியால் தண்டு வழியே மின்சாரம் பாய்ந்து அரித்ததும் வெவ்வேறு கதைகள். கலந்தால் வடிவ எண் 1-ஐ ஒட்டி வந்து, எல்லாம் தற்செயல் என்று ஏமாற்றும். பழுதுகள் மூன்று நான்குதான் என்றால் அந்த எண்ணையும் அதிகம் நம்பாதீர்கள்.

இதற்கு விலை உயர்ந்த மென்பொருள் வேண்டியதில்லை, எக்செல் போதும். ஷிப்ட் லாக் புக்கில் "சரி செய்யப்பட்டது" என்று எழுதுவதோடு நிறுத்தாமல், எந்தப் பாகம், மாட்டியதிலிருந்து எத்தனை மணி நேரம் ஓடியது, எப்படிப் பழுதானது, பழுதாகிக் கழற்றினார்களா அட்டவணைப்படி கழற்றினார்களா என்பதையும் ஃபிட்டர் எழுதட்டும்.